பழக்காத கல்சட்டி

ஜூன் 10, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. பத்துக்குப் போன கரண்ட் பன்னிரண்டரைக்கு வந்தது. நடுவில் கண்ணாடி அலமாரியைத் துடைத்தேன். பேர்தான் துடைப்பது. பாதி நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீ.கா. சாப்பிட வந்தார். (வீட்டுக்காரர். முழுதாக எழுதினால் மரியாதை கூடிப்போகிறது.) லாரி புக்கிங் ஆபீஸில் யாரோடோ சண்டை போல. மோரைக் குடித்துவிட்டு அலமாரியைப் பார்த்துச் சொன்னார்:

"பொண்ணு ஊட்டுக்காரங்க இருவத்தொம்பதாந் தேதி ஊடு பாக்க வாராங்க. அதுக்குள்ள இதைய ஹாலை உட்டு எடுத்துப் போடு புள்ள. அம்பத்திரண்டு வயசுப் பொம்பள சொப்புச் சாமான் வெச்சு வெளையாடுதுன்னா எவன் பொண்ணு குடுப்பான்?"

"வெளையாடலீங்க. சேகரிக்கிறேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"வெளையாடுனா ஒடையும்."

நல்ல பதில். அவர் போனபிறகு நானே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் இந்தத் தடவை ஆள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பையனுக்கு இது ஐந்தாவது ஜாதகம். முதல் நான்கும் ஏதோ ஒரு காரணத்தில் தட்டிப்போனது. ஆடி பிறந்துவிட்டால் பேச்சே எடுக்கமாட்டார்கள். பையன் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு "உங்க இஷ்டம்மா" என்கிறான். தட்டிப்போனால் மட்டும் என் கஷ்டம்.

ஆக, மூன்று வழி.
1. அலமாரி அப்படியே இருப்பது. வீட்டில் யுத்தம்.
2. பாதியைக் குறைத்துவிட்டு மீதியை உள்ரூமில் வைப்பது.
3. ஒட்டுமொத்தமாக விட்டுவிடுவது. யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டு, மற்ற பெண்களைப் போல சீரியல் பார்ப்பது.

மூன்றாவதில் ஒரு சிக்கல். கேட்டு வாங்கிக்கொள்ள ஒரே ஒருத்திதான் இருக்கிறாள். அவளுக்குக் கொடுப்பதற்குக் கிணற்றில் போடலாம். எங்கள் வீட்டில் கிணறு இல்லை, போர்தான். ஆறரை அங்குலக் குழாய். ஒவ்வொன்றாகப் போட வேண்டும்.


ஜூன் 11, புதன்

மோகனூர் ரோட்டில் ஒரு பாலிசி. கோழிப் பண்ணைக்காரர் வீடு. அந்த அம்மாள் ஆறு மாதமாக "யோசிச்சுச் சொல்றனுங்க" என்று இழுத்தடித்தவள். இன்று போனதும் நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, பேனாவை அவளே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். இருபது வருஷ இன்சூரன்ஸ் வேலையில் என் பேச்சுத் திறமை இப்போதுதான் முற்றியிருக்கிறது என்று நினைத்தேன்.

வாசலில் செருப்பைப் போடும்போது கேட்டாள்: "ஏனுங்க, ஜேடர்பாளையத்துல சின்னச் சட்டில சமைக்கற அம்மிணி உங்களுக்குச் சொந்தமுங்களாமே?"

இளநீருக்கும் கையெழுத்துக்கும் காரணம் அப்போதுதான் புரிந்தது.

அந்த அம்மிணியைப் பற்றி எழுதித் தொலைக்கிறேன். பூங்கொடி. கொழுந்தனாரின் மனைவி. இனிமேல் பூ. என்னைவிட ஒன்பது வயது இளையவள். ஜேடர்பாளையம் தடுப்பணைக்குப் பக்கத்தில் தோட்டத்து வீடு. ஆற்றங்கரையில் கைப்பிடி அளவு மண் அடுப்பை வைத்து, தேங்காய்ச் சிரட்டைத் துண்டை எரித்து, சொப்புச் சாமானில் நிஜமாகவே சமைக்கிறாள். ஒரே ஒரு வெண்டைக்காயில் புளிக்குழம்பு. காடை முட்டையில் ஆம்லெட். (நாமக்கல் ஜில்லாவில் பிறந்துவிட்டுக் காடை முட்டை. அது தனிக் குற்றம்.) கொழுந்தனார் போனில் படம் பிடித்துப் போடுகிறார். பேச்சே கிடையாது. வளையல் சத்தம், எண்ணெய் பொரியும் சத்தம், பின்னால் காவிரி.

எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் பிரஷர் மாத்திரை இரண்டாகும்.

இதில் வயிறு எரிகிற விஷயம் எது என்றால், அவளுக்கு முதல் சாமானைக் கொடுத்தது நான். மூன்று வருஷம் முன்னால், என்னிடம் இரண்டு இருந்ததால், மூக்கு நசுங்கிய ஒரு இரும்பு வாணலியை "எடுத்துக்க" என்று தூக்கிப் போட்டேன். தானம் செய்த திமிரில் ஒரு வாரம் சந்தோஷமாகத் திரிந்தேன்.

நான் பதினெட்டு வருஷமாகச் சேர்க்கிறேன். என்னைப் பற்றி எவளும் எவளிடமும் கேட்டதில்லை.


ஜூன் 13, வெள்ளி

புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டிவிட்டு ஓமலூர்ப் பக்கம் போய்விட்டது.

வழி 2-ஐ முயற்சி செய்தேன். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று பட்டியல்.

கழிக்க வேண்டியவை:
— பிளாஸ்டிக் மிக்ஸி, கேஸ் அடுப்பு (பச்சை). யாருக்கும் வேண்டாம்.
— எவர்சில்வர் செட் மூன்று. கடையில் இன்றும் கிடைக்கும்.
— மரச் சொப்பு, சாயம் போனது.
— மரச் சொப்பு, சாயம் போகாதது. இல்லை. இது இருக்கட்டும்.
— பித்தளை இட்லிக் கொப்பரை, மூடி இல்லாதது. மூடி என்றைக்காவது கிடைக்கும். இருக்கட்டும்.
— உரல், உலக்கை. உலக்கையில் விரிசல். பாவம். இருக்கட்டும்.
— எவர்சில்வர் செட் ஒன்று திருச்செங்கோட்டுத் தேருக்குப் போனபோது வாங்கியது. இருக்கட்டும்.

கடைசியில் கழிந்தது பிளாஸ்டிக் மிக்ஸி. அதையும் சாயங்காலம் திருப்பி எடுத்து வைத்துவிட்டேன். பச்சை அடுப்பு தனியாக நின்றது பார்க்க நன்றாக இல்லை.

அலமாரியில் நடுத் தட்டு, கண் மட்டத்தில், இரண்டு கல்சட்டி. பெரியது உள்ளங்கை அகலம், சின்னது எலுமிச்சம்பழம் கொள்ளும். மாக்கல்லில் குடைந்தது. நகத்தால் சுண்டினால் மணி மாதிரிச் சத்தம் வராது, "ம்" என்று மட்டும் சொல்லும். அதுதான் நல்ல கல்லுக்கு அடையாளம் என்று கொடுத்தவள் சொன்னாள். ஓமலூரில் ஒரு பாலிசிக்காரி. பரணில் கிடந்ததை எட்டிப் பார்த்துவிட்டேன். நாலு தடவை போய் உட்கார்ந்து, காபி குடித்து, அவள் மருமகளைப் பற்றி அவள் சொன்னதற்கெல்லாம் "ஆமாங்க" போட்டு, ஒரு புது டிபன் கேரியரைக் கொடுத்து வாங்கிவந்தேன். கேவலம்தான். ஆனால் சட்டி கிடைத்தது.

பூ. ஒவ்வொரு தடவை வரும்போதும் அதைத்தான் பார்ப்பாள். கேட்கமாட்டாள். பார்ப்பாள்.


ஜூன் 15, ஞாயிறு

கேட்டுவிட்டாள்.

காலை பதினொரு மணிக்கு வந்தார்கள். முருங்கைக்காய் ஒரு கட்டு, தேங்காய் ஆறு. கொழுந்தனாரும் வீ.கா.வும் வெளியே வேனுக்கு டயர் பார்க்கப் போய்விட்டார்கள். பூ. அலமாரி முன்னால் நின்றாள். புதுச் சேலை. நல்ல நீலம். எனக்கு அந்த நீலம் எடுக்காது.

"அக்கா, அந்தப் பெரிய கல்சட்டி ஒண்ணை மட்டும் குடுங்க. கொள்ளு ரசம் வெச்சுப் படம் புடிச்சிட்டுத் திருப்பிக் குடுத்தர்றனுங்க."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊர் முழுக்க, 'சொப்புச் சட்டி ஒண்ணைக் குடுக்க மனசு வல்ல' என்று ஆகும். ஊர் முழுக்க அதைச் சொல்ல அவளுக்கு வராது. ஆனால் நான் அவள் இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பேன் என்பதால் பயம்.

எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள். அடியைத் தடவினாள். மோந்து பார்த்தாள்.

"பழக்கியாச்சுங்களா அக்கா?"

கல்சட்டி புதிதில் அடுப்புக்கு ஆகாது. தீ பட்டதும் விரிசல் விட்டுப் பிளந்துவிடும். பத்துப் பன்னிரண்டு நாள் சூடான வடிகஞ்சி ஊற்றி ஆறவிட்டு, எண்ணெயும் மஞ்சளும் தடவி, கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டுக்குப் பழக்க வேண்டும். ஓமலூர்க்காரி படித்துப் படித்துச் சொன்னாள். நான் செய்யவில்லை. கண்ணாடிக்குள் உட்காரப்போகிற சட்டிக்கு எதற்குக் கஞ்சி.

"ஆச்சு," என்றேன். "எப்பவோ ஆச்சு."

வாய் தானாகச் சொன்னது என்று எழுத ஆசை. இல்லை. தெரிந்தேதான் சொன்னேன். ஆற்றங்கரை, அடுப்பு, தளதளவென்று ரசம், டப் என்று ஒரு சத்தம். அவ்வளவும் ஒரு நொடியில் கண்ணுக்குள் ஓடியது. நன்றாகவே ஓடியது.

பூ. என்னைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள்.

"சரிங்கக்கா."

முந்தானையால் துடைத்து, துண்டில் சுற்றி, பையில் வைத்துக்கொண்டாள். முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். நன்றாக அமைந்தது.


ஜூன் 16, திங்கள்

கண்ணாடி முன்னால் ஒத்திகை. சட்டி உடைந்தது என்று போன் வரும்போது சொல்ல வேண்டியவை:

"அதனாலென்ன பூங்கொடி. சட்டிதானே." (பெருந்தன்மை.)
"தீயை எச்சா வெச்சுட்டியோ?" (கொஞ்சம் ஊசி.)
"அழுவாத சாமி." (இது நன்றாக வருகிறது. தலையைச் சாய்த்துச் சொல்ல வேண்டும்.)

வீ.கா. பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. "யாரு செத்தாங்க?" என்றார்.


ஜூன் 18, புதன்

வீடியோ இல்லை. நேற்றும் இல்லை.

இன்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒன்று உறைத்தது. கீரையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

உடையப்போவது அவள் சட்டி இல்லை. என் சட்டி.

மூன்று நாளாக அவள் முகம் எப்படிப் போகும் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டி எப்படிப் போகும் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நாலு தடவை ஓமலூர், டிபன் கேரியர், அந்த மருமகள் புராணம் எல்லாம் பிளந்து இரண்டு துண்டாக ஜேடர்பாளையத்து மணலில் கிடக்கப்போகிறது. இதற்கு நானே ஏற்பாடு செய்திருக்கிறேன். பொறாமைப்படுகிறவர்களுக்குக் கொஞ்சம் மூளையும் இருக்க வேண்டும்.

போன் போட்டேன்.

"பூங்கொடி, ரசம் வெச்சாச்சா?"

"இன்னும் இல்லீங்கக்கா. கொள்ளு நல்லதா கெடைக்கல."

"அதில்ல. வந்து, அந்தச் சட்டி..."

"சொல்லுங்கக்கா."

"முருங்கைக்காய் நல்லா இருந்துச்சு."

மறுபடி ஒரு மணி நேரம் கழித்துப் போன் போட்டேன். தேங்காயும் நல்லா இருந்தது என்றேன். மூன்றாவது தடவை கொழுந்தனார் எடுத்தார். வைத்துவிட்டேன்.

"பழக்கவில்லை, பொய் சொன்னேன்" என்பது மூன்றே வார்த்தை. ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு வாயில் வரவில்லை.


ஜூன் 22, ஞாயிறு

கொழுந்தனார் வந்தார், தனியாக. டயர் மாற்ற. வீ.கா. குளித்துக்கொண்டிருந்தார். காபி கொடுத்தேன். கேட்காமலே ஆரம்பித்தார்.

"ஏனுங்க அண்ணி, அந்தச் சட்டிக்கு எங்கூட்டுல நடக்கற மரியாதை எனக்கு நடக்கறதில்லீங்க."

"என்ன மரியாதை?"

"காலைல சுடச்சுடக் கஞ்சி. சாயங்காலம் வெளக்கெண்ணெ, மஞ்ச. பச்சப்புள்ளையக் குளுப்பாட்டறாப்ல குளுப்பாட்டி வெயில்ல காய வெக்கறா. நான் காபி கேட்டா, சட்டிக்குக் கஞ்சி ஊத்திட்டு வாரேங்கறா."

"எப்ப இருந்து?"

"கொண்டாந்த அன்னிக்கு இருந்துங்க. இது பழக்குன சட்டின்னு அண்ணி சொன்னாங்களேன்னு கேட்டனுங்க. 'ஆமா, சொன்னாங்க'ன்னா. அதோட சரி."

காபி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக் கழுவ எடுத்துப் போய்விட்டேன். பாதிதான் குடித்திருந்தார் என்பது அப்புறம் தெரிந்தது.

யோசித்துப் பார்த்தேன். பழகிய கல்சட்டி கறுப்பு. மினுமினுவென்று, எருமைத் தோல் மாதிரி. பழகாத சட்டி வெண்சாம்பல். கண் இருக்கிற யாருக்கும் எட்டடி தூரத்தில் தெரியும். அந்த வெள்ளைச் சட்டியை அவள் கையில் கொடுத்து, பட்டப்பகலில், ஜன்னல் வெளிச்சத்தில் நின்று "எப்பவோ ஆச்சு" என்றிருக்கிறேன். பதினெட்டு வருஷம் பார்த்துக்கொண்டே நின்றும், அடுப்பில் ஏறின சட்டி என்ன நிறம் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. அவளுக்குக் கேட்கும்போதே தெரியும். தெரிந்துதான் கேட்டிருக்கிறாள். "சரிங்கக்கா" என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

சட்டி பிழைத்தது. நான் மாட்டினேன்.

இருபத்தொன்பதாம் தேதி பரிமாற, வடை சுட, கூடமாட நிற்க அவள்தான் வருகிறாள். பெண் வீட்டார் முன்னால் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை விட்டால் போதும். ஓரகத்தியிடமே இப்படி என்றால் மருமகளிடம் எப்படி இருப்பாள் என்று நினைக்கமாட்டார்களா. நான் பெண்ணைப் பெற்றவளாக இருந்தால் நினைப்பேன். எழுந்தே போய்விடுவேன்.


ஜூன் 25, புதன்

வழி 3. முடிவு செய்துவிட்டேன். எல்லாவற்றையும் அவளுக்கே கொடுத்துவிடுவது. வாயை அடைக்க வேறு வழி தெரியவில்லை.

கோழிப் பண்ணை அம்மாளிடம் முட்டை அட்டை கேட்டேன். முப்பது குழி அட்டை, ஒரு கட்டு கொடுத்தாள். சொப்புச் சாமான் அதற்கென்றே அளவெடுத்தது போல உட்காருகிறது. குழிக்கு ஒரு பித்தளைக் குடம். குழிக்கு ஒரு அண்டா. இத்தனை வருஷம் இது தோன்றாமல் பழந்துணியில் சுற்றியிருக்கிறேன். நாமக்கல்லில் குடியிருந்து என்ன பயன்.

ஏழு அட்டை நிரம்பியது. எட்டாவதில் அம்மியை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்.

பூ. இதில் என்ன அரைப்பாள் என்று தெரியும். ஒரே ஒரு மிளகாய், இரண்டு மிளகு. வளையல் சத்தம். கீழே எத்தனை பேர் 'சூப்பர் அக்கா' என்று எழுதுவார்கள் என்றும் தெரியும். என் அம்மிக்கு 'சூப்பர் அக்கா' அவள்.

அம்மியைத் திருப்பி அலமாரியில் வைத்துவிட்டேன். எட்டாவது அட்டை காலி.

வீ.கா. வந்து பார்த்தார். "பாதி முட்டை, பாதி கடை. இப்ப இன்னும் அசிங்கமாத்தான் இருக்குது."


ஜூன் 28, சனி

அலமாரியை நகர்த்த இரண்டு ஆள் வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. வீ.கா. பீரோவிலிருந்து ரோஜாப்பூப் போட்ட படுக்கை விரிப்பை எடுத்து அலமாரி மேல் போர்த்திவிட்டார். அட்டைகள் கட்டிலுக்கடியில்.

பார்க்க யாரோ நின்றுகொண்டே தூங்குகிற மாதிரி இருக்கிறது.

நாளைக்கு வடை, கேசரி, காபி. பூ. எட்டு மணிக்கு வருகிறாள். பிரஷர் மாத்திரை போட்டாச்சு.


ஜூன் 29, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை, ஆனால் எழுதாமலும் முடியாது.

பூ. வந்தாள். அதே நீலச் சேலை. நேராக அடுப்படி. வெங்காயம் அரிந்தாள், மாவு பிசைந்தாள். சட்டியைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "உப்பு?" "போட்டாச்சுங்கக்கா." அவ்வளவுதான் பேச்சு.

பதினொரு மணிக்குப் பெண் வீட்டார் ஐந்து பேர். திருச்செங்கோட்டுப் பக்கம், போர் போடுகிற ரிக் வண்டிக்காரர் குடும்பம். அந்தம்மாள் உட்காருவதற்கு முன்பே சுற்றிலும் பார்த்தாள். கண் போர்வையில் நின்றது.

"அது என்னங்க, போத்தி வெச்சிருக்கீங்க?"

"பழைய பிரிட்ஜுங்க," என்றார் வீ.கா. எனக்குத் தெரிந்து கல்யாணம் ஆனதிலிருந்து அவர் சொன்ன முதல் பொய். அவருக்கும் வரவில்லை. காது சிவந்துவிட்டது.

அப்போது பூ. வடைத் தட்டோடு உள்ளேயிருந்து வந்தாள். அந்தம்மாள் பாதி உட்கார்ந்தவள் எழுந்தே விட்டாள்.

"நீங்க ஜேடர்பாளையத்து அம்மிணிதானுங்களே. எங்கூட்டுல சோறு திங்கறப்ப எல்லாம் உங்களத்தான் பாக்கறது. இந்த ஊட்டுச் சொந்தமுங்களா நீங்க? தரகர் சொல்லவே இல்லீங்க."

பெண்ணின் அப்பாவும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். மகனின் படிப்பு, வேலை, லாரி ஆபீஸ், எங்கள் முப்பது வருஷக் குடித்தனம் எல்லாம் ஒரு பக்கம் போயிற்று. காடை முட்டை ஆம்லெட் ஜெயித்தது. நான் கேசரிக் கரண்டியோடு நின்றேன்.

பூ. தட்டை வைத்தாள். போர்வையை ஒரு இழுப்பு. வீ.கா. கண்ணை மூடிக்கொண்டார்.

"எம்பட சாமானெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இதெல்லாம் எங்கக்கா சேத்தது. எனக்கு மொதல் வாணலி குடுத்ததே அக்காதானுங்க."

பாதி காலியான அலமாரி. ஆனாலும் அந்தம்மாள் கிட்டப் போய் மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். "அடேங்கப்பா, அம்மியப் பாருங்களே," என்றாள். (அம்மியை வைத்தது எவ்வளவு நல்லது.)

பூ. உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். துண்டைப் பிரித்தாள். கல்சட்டி. எனக்கே அடையாளம் தெரியவில்லை. நல்ல கறுப்பு. ஜன்னல் வெளிச்சம் அதன் விளிம்பில் ஒரு கோடாக நின்றது.

இதோ சொல்லப்போகிறாள்.

"இதையும் பாருங்க. அக்கா பழக்குனது."

அந்தம்மாள் சட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். என் பக்கம் திரும்பினாள். "எப்படிங்க பழக்குனீங்க? எங்கூட்டுல ரெண்டு வெடிச்சே போச்சுங்க. கொஞ்சம் சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

ஹாலில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது வந்துங்க," என்றேன்.

அந்தம்மாளுக்குப் பின்னால் பூ. நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கையை மட்டும் இடுப்பளவில் வைத்து மெதுவாகச் சாய்த்துக் காட்டினாள். ஊற்றுவது.

"மொதல்ல கஞ்சி ஊத்தோணுங்க. வடிகஞ்சி."

இரண்டு விரலைக் காட்டினாள்.

"ரெண்டு, ரெண்டு நாளைக்கு..."

தலையை ஆட்டினாள். இல்லை.

"ரெண்டு வேளைங்க. காலைலயும் சாயங்காலமும்."

உள்ளங்கையைத் தடவிக் காட்டினாள். எண்ணெய். கழுத்துத் தாலிக் கயிற்றைத் தொட்டாள். மஞ்சள். நானும் சொல்லிக்கொண்டே போனேன், பரீட்சையில் முன்பெஞ்சைப் பார்த்து எழுதுகிற மாதிரி. பிறகு இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து ஆட்டினாள். அது புரியவில்லை.

"அப்பறம் தாலாட்டோணுங்க," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சம்பந்தியம்மா தமாஷான ஆளுங்க போல," என்றார். சம்பந்தியம்மா. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து அப்போதுதான் முதலில் வந்தது. வீ.கா. கண்ணைத் திறந்தார்.

அடுப்படிக்கு வந்து பூ.வைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வடை எண்ணெயில் கிடந்தது.

"கடைசியில என்ன காட்டுன?"

"துணியில சுத்தி வெக்கோணும்னு காட்டுனனுங்க. தாலாட்டு நீங்களாச் சொன்னது."

"பூங்கொடி. அன்னிக்கு நான் சொன்னது..."

"தெரியுமுங்கக்கா." வடையைத் திருப்பிப் போட்டாள். "பன்னெண்டு நாளுங்க. ஒவ்வொரு வேளையும் உங்களத் திட்டிட்டேதான் கஞ்சி ஊத்துனேன். பேர் சொல்லித் திட்டுனேன். திட்டத் திட்டத்தான் கறுத்துச்சு."

"அப்பறம் எதுக்கு அங்க அப்படிச் சொன்ன?"

"பொண்ணு எடுக்கற ஊட்டுல வேற எப்படிச் சொல்றதுங்க." தட்டை என் கையில் வைத்தாள். "ஆறுது. கொண்டு போங்க."

கொண்டு போனேன்.


ஜூன் 30, திங்கள்

லேசான தூறல். தெருவில் மண்வாசனை, கூடவே கோழி எரு லாரி.

போன் வந்தது. சம்மதம். நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். அந்தம்மாள் வீ.கா.விடம், அலமாரியைத் தயவுசெய்து எடுக்க வேண்டாம், எங்கள் பெண்ணுக்கும் இதெல்லாம் பிடிக்கும் என்றாளாம். வீ.கா. மத்தியானம் ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து, "நம்ம ஊட்டு அலமாரி," என்று காட்டினார். இருபது நாளாக எடுத்துப் போடு என்ற மனுஷர், "பாத்து, கண்ணாடியத் தொடாதீங்கப்பா," என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய நாள். பட்டேன், ஒரு பத்து நிமிஷம்.

கறுத்த சட்டியை நடுத் தட்டில் வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் சின்னது வெள்ளையாக. சுற்றிலும் மிச்சச் சாமான்கள். பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல், பந்தியில் உட்கார வைத்து இலை போடாமல் விட்டவர்கள் மாதிரி. எவ்வளவு நேரம் பார்த்தாலும் கண் அந்தக் கறுப்புக்கே போகிறது.

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். பார்க்கிற கூட்டம் அவளுக்கு. காவிரி அவளுக்கு. நீலச் சேலை அவளுக்கு எடுக்கிறது. எல்லாம் போகட்டும், கெட்ட எண்ணம் வைத்தது அவள்தான் என்றாவது நினைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதுவும் போயிற்று. நல்லவள் என்ற பேரையும் தட்டிக்கொண்டு போய்விட்டாள், அதுவும் என் சட்டியை வைத்து.


ஜூலை 2, புதன்

முடிவு. வழி 2-க்கும் 3-க்கும் நடுவில் ஏதோ ஒன்று.

கட்டிலுக்கடியில் இருந்த ஏழு அட்டையும் கொழுந்தனார் வேனில் ஏற்றியாச்சு. எட்டாவது அட்டையின் நடுவில் கறுத்த கல்சட்டி மட்டும். அவர் கேட்டார், "இது உங்க சட்டியாச்சுங்களே அண்ணி?"

"அவளே வெச்சுக்கட்டும். என்னத் திட்டிக் கறுத்த சட்டி எங்கூட்டுல எதுக்கு?"

அவருக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரியும்.

என்னிடம் மிச்சம்: அம்மி, உரல், மூடியில்லாத இட்லிக் கொப்பரை, மரச் சொப்பு, திருச்செங்கோட்டு எவர்சில்வர், பச்சைப் பிளாஸ்டிக் அடுப்பும் மிக்ஸியும் (ஏன் என்று என்னைக் கேட்காதே). அப்புறம் சின்னக் கல்சட்டி. வெள்ளை.

அதை எடுத்து அடுப்படி மேடையில் வைத்தேன்.

கஞ்சிக்கு எங்கே போவது? பத்து வருஷமாகக் குக்கர். பானையைத் தேடி எடுத்து, அரிசியைப் போட்டு, கொதிக்கவிட்டு வடித்தேன். கையில் கொஞ்சம் சுட்டுக்கொண்டேன். வீ.கா. எட்டிப் பார்த்து, "குக்கருக்கு என்னாச்சு?" என்றார்.

முதல் வேளை. கஞ்சியைச் சூடாக ஊற்றினேன். எலுமிச்சம்பழ அளவுதான், உடனே நிரம்பிவிட்டது. திட்ட வேண்டும். இருபது நாளாக மனசுக்குள் சேர்த்து வைத்த பட்டியல் இருக்கிறது. வாயைத் திறந்தேன்.

"கெட்டிக்காரி," என்று வந்தது.

வேறு எதுவும் வரவில்லை. கஞ்சி ஆறிக்கொண்டிருக்கிறது. சட்டி இன்னும் வெள்ளைதான்.